பிரான்சுப் பசுவின் கன்று

அக்டோபர் 8, 1987. வியாழன்

சந்தை நாள். காலையிலிருந்து தூறல். இரண்டு மூட்டை புண்ணாக்கும் கொட்டிலுக்குச் சுண்ணாம்பும் வாங்கத்தான் போனேன். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, அதற்குள் ரெமிஜோ காப்பிக்கடை வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டான். மொன்வேரோ சந்தையில் அவன் குரல் எட்டாத மூலை கிடையாது. மாட்டுத் தரகனுக்குத் தொண்டைதானே மூலதனம்.

"என்ன நோரினா, அண்ணன் இன்னும் தலை காட்டலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு" என்றேன்.

நல்லா இருக்கிறார். இரண்டு வருடமாகச் சமையலறைக்கும் கொட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டு நல்லா இருக்கிறார். நீ நாசமாப் போக, ரெமிஜோ. உன் நாக்கு அழுகிப் போக. எழுதித் தீர்த்தால் மனசு ஆறும் என்று டாக்டர் சொன்னார். எழுதிவிட்டேன். ஆறவில்லை.

அக்டோபர் 9

ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே எனக்கு ஞாயம் கேட்க வேண்டியிருக்கும்.

1985 டிசம்பர், கொழுத்த எருதுத் திருவிழா. என் அண்ணன் செல்சோ நாலரை வருடம் வளர்த்த எருதைக் கொண்டு போயிருந்தார். பேர் பரோன். முதல் பரிசுக்கு உரிய ஜரிகைப் போர்வை அதன் முதுகுக்குத்தான் என்று காலையிலேயே ஊர் பேசிவிட்டது. அந்த வருடம் அண்ணன் தரகு இல்லாமல் தூரினோ கறிக்கடைக்காரருக்கு நேரடியாக விற்க ஆரம்பித்திருந்தார். ரெமிஜோவுக்கு அது வயிற்றெரிச்சல்.

நடுவர்கள் வரும் நேரம் பார்த்து அவன் பரோனின் தாடையைத் தூக்கினான். மூக்கில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு. கயிறு அறுத்த தழும்பு, அவ்வளவுதான். எங்கள் ஃபசோன் இன மாட்டுக்கு உடம்பு வெளுப்பு, மூக்கு கறுப்பு. பிரான்சு மாட்டுக்குத்தான் மூக்கும் வெளுப்பு. ரெமிஜோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "செல்சோ கொட்டில்ல பிரான்சு ரத்தம் பூந்திருக்கு. இது ஃபசோன் இல்ல."

அண்ணன் வம்சப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். முப்பது வருடக் கையெழுத்து. "காகிதத்தை வறுத்துத் திங்க முடியாதே அண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நடுவர்கள் அடுத்த எருதுக்குப் போய்விட்டார்கள்.

சந்தையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. அதற்கப்புறம் எங்கள் காளைக்கு யாரும் பசுவை ஓட்டி வரவில்லை. தூரினோக்காரர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டார். அண்ணன் தொப்பியை ஆணியில் மாட்டினவர், எடுக்கவே இல்லை.

அக்டோபர் 11. ஞாயிறு

மொன்சூவைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் மொன்சூ என்றால் துரை. துரை மாதிரிதான் நிற்கிறான். பின்னால் இருந்து பார்த்தால் தொடை இரண்டும் பிளந்து பிளந்து நாலாகத் தெரிகிறது. ஒரு வயது நிரம்பாத காளைக்கு இந்தத் தொடை எங்கள் கொட்டிலில் இதுவரை வந்ததில்லை.

அவன் அம்மாவைப் போன வருடம் ஜனவரியில் எல்லை தாண்டி வந்த லாரியில் வாங்கினேன். அசல் பிரான்சுப் பசு, மூக்கு சாக்பீஸ் மாதிரி. பாலுக்கு என்று அண்ணனிடம் சொன்னேன். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா? என் கண்ணுல படாம மேல் கொட்டில்ல கட்டு" என்றார். மதாம் என்று பேர் வைத்தேன். எங்கள் காளைக்கு அக்டோபர் கடைசியில் ஈன்றாள்.

பாலுக்கு என்பது பொய். பழிக்குத்தான் வாங்கினேன். கன்று எப்படி வரும் என்று தெரியாது. வந்தவன் அப்பனை உரித்து வைத்திருந்தான். எல்லாக் கன்றும் போலக் கோதுமை நிறத்தில் பிறந்து, முதல் குளிரிலேயே வெளுத்தான். மூக்கு மட்டும் அடுப்புக்கரி.

அந்த மூக்கைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். ரெமிஜோ தன் வாயால் இவனை அசல் ஃபசோன் என்று சொல்ல வேண்டும். அதே திருவிழாவில், அதே இடத்தில். விலை முடிந்ததற்கு அடையாளமாகத் தன் கையால் இவன் மயிரில் கத்திரி போட வேண்டும். அப்புறம் நான் மதாமின் காகிதத்தைப் பிரிப்பேன். கண் பொய்த்த தரகனிடம் யார் மாடு கேட்பார்கள்?

அக்டோபர் 22. வியாழன்

கானேபாவின் லாரி வந்திருந்தது. கடற்கரை ஊரான சவோனாவில் கறிக்கடை வைத்திருக்கிறார், மாதம் இருமுறை மலை தாண்டி வருவார். நான் அந்த லாரிகளைப் பார்த்தே யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். கடற்கரைக்காரர்களுக்குக் கறி வெளுப்பாக இருக்க வேண்டும், கொழுப்பு கண்ணில் படக்கூடாது. தூரினோக்காரர்கள் தொடைக்கறியைக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே தின்கிறவர்கள், அவர்களுக்கு எங்கள் மாட்டை விட்டால் நாதி இல்லை. மிலானோவுக்கு எடை மட்டும் போதும், ஜாதகம் கேட்கமாட்டார்கள். எங்கள் மலைக்காரர்களுக்குப் பண்டிகைக்கு வேகவைக்கக் கொழுத்த எருது. தொஸ்கானாக்காரன் எங்கள் மாட்டை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான், அவனுக்கு அவன் ஊர் மாடுதான் மாடு.

கானேபா புலம்பினார். "எங்க ஊர்ல இப்பல்லாம் துண்டு பெருசா கேக்குறாங்க அக்கா. தொடை உங்க மாடு மாதிரியே வேணும், இடுப்பு மட்டும் இன்னும் ஒரு கை அகலமா வேணும். எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம், திருவிழாவுக்கு வாங்க" என்றேன். அவர் புலம்பலில் பாதிதான் காதில் விழுந்தது. திருவிழாவன்று இவரை எந்த மூலையில் நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏமாந்த கறிக்கடைக்காரர் போடுகிற சத்தம் ரெமிஜோவின் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

நவம்பர் 5. வியாழன்

போய்விட்டேன். கால் கூசியது, ஆனாலும் போய்விட்டேன்.

பினூச்சாவின் காப்பிக்கடை. ரெமிஜோ சீட்டாடிக்கொண்டிருந்தான். நான் மேஜைக்கருகில் போய் நின்றதும் கடையே அடங்கியது. பினூச்சா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு காளை இருக்கு. திருவிழாவுல விக்கணும். நீங்கதான் முடிச்சுத் தரணும்."

அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "உங்க அண்ணனுக்குத் தரகர்னாலே ஆகாதே."

"அண்ணன் வேற, நான் வேற."

"அப்படிச் சொல்லு. ரெண்டு வருஷம் ஆச்சு உங்க வீட்டுக்கு வழி தெரிய." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. "வந்து பாக்குறேன். ஆனா ஒண்ணு, எனக்குச் சரின்னு பட்டாத்தான் கையடிப்பேன். என் பேரு கெடக் கூடாது பாரு."

உன் பேர் கெடக்கூடாது. சரி. சரி ரெமிஜோ. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா, அவமானமா? இரண்டும்தான்.

நவம்பர் 12

வந்தான். அண்ணன் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதாமை முதல் நாளே மேல் கொட்டிலின் உள்ளறையில் கட்டிவிட்டிருந்தேன்.

மொன்சூவைச் சுற்றி வந்தான். தோலைக் கிள்ளி இழுத்து விட்டான். தொடை நடுவே விரலை ஓட்டினான். நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்தான், கொம்பு நுனியைப் பார்த்தான், வால் நுனி மயிரைப் பிரித்தான். கடைசியாகத் தாடையைத் தூக்கினான். பரோனுக்குத் தூக்கின அதே மாதிரி. கொல்லையில் மண்வெட்டி கிடந்தது, அதைப் பார்க்காமல் இருந்தேன்.

"மூக்கு மை மாதிரி இருக்கு" என்றான். "நோரினா, இது அசல் ஃபசோன். உங்க அண்ணன் திருந்திட்டாரு போல."

அப்போது பார்த்து மேலேயிருந்து மதாம் கத்தினாள். மகன் குரல் கேட்டிருக்கும்.

"மேல யாரு?"

"பால்மாடு."

"ம்" என்றான். மேல் கொட்டில் இருக்கிற மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்த மாதிரி இருந்தது. அவன் எப்போதுமே சிரித்த மூஞ்சிதான்.

நவம்பர் 13

இருபத்தேழு நாள்.

நவம்பர் 26

அண்ணனிடம் திருவிழாவுக்கு வரச் சொன்னேன்.

"என்னத்துக்கு? இன்னொரு தடவை சிரிக்கவா?"

"இந்தத் தடவை வேற ஆளப் பாத்து சிரிப்பாங்க. வந்து பாருங்கண்ணே. ஒரே ஒரு மணி நேரம்."

"அந்தக் கலப்புக் கன்னுக்கு இவ்ளோ சோப்புப் போட்டுத் தேய்க்கிறியே, அதுக்கும் இதுக்கும் எதாவது சம்பந்தம் இருக்கா?"

"அது மிலானோ லாரிக்குப் போகுது" என்றேன். பொய்கள் வரிசையாக வருகின்றன, தடையே இல்லாமல். மதியம் பார்த்தேன், அண்ணன் கறுப்பு பூட்சை எடுத்து வாசலில் வைத்து மெழுகு போட்டுக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 9

மொன்சூவுக்கு வெந்நீர்க் குளியல், கொம்புக்கு எண்ணெய். நாளைக்குப் பிறகு அவன் கறி. இத்தனை மாதம் பழகிய விலங்கு, கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அவனைவிட ரெமிஜோவின் முகம்தான் நினைவில் நிற்கிறது. நாளைக்கு அந்த முகம் எப்படித் தொங்கும் என்று. கெட்டவளாகிவிட்டேனா? ஆகியிருந்தால் ஆகட்டும்.

டிசம்பர் 10. வியாழன்

எழுத முடியவில்லை.

டிசம்பர் 12

எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்.

திருவிழாக் காலை, பனி. ஆறு மணிக்கே சதுக்கத்தில் குடல் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வந்தார். சவரம் செய்து, கோட்டும் தொப்பியும் போட்டு, என் பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்து வந்தார். பின்னால் மொன்சூ இருப்பதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. சதுக்கத்தில் இரண்டு மூன்று பேர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதை மட்டுமாவது பார்த்தேன்.

எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. கானேபா மொன்சூவைப் பார்த்தவர் நகரவே இல்லை. கூட்டம் சேர்ந்தது. ரெமிஜோ நடுவில் நின்று என் கையை ஒரு கையாலும் அவர் கையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு விலையை ஏற்றி இறக்கினான். கானேபா கையை இழுத்துக்கொள்வார், இவன் மறுபடி பிடித்து இழுப்பான். நடுவில் நான் கேட்டேன், நல்ல சத்தமாக:

"ரெமிஜோ, இது என்ன மாடுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எங்க கொட்டிலப் பத்தி ஊர்ல பேச்சு இருக்கு."

"அசல் ஃபசோன்" என்றான். "என் கண்ணு மேல சத்தியம். முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல." எங்கள் இருவர் கையையும் சேர்த்து வைத்து, பேரம் முடிந்ததாகத் தன் கையால் மேலே மூன்று முறை வெட்டினான். கத்திரியை எடுத்து மொன்சூவின் விலாவில் மயிரைக் கத்தரித்துத் தன் அடையாளத்தைப் போட்டான். கத்திரி விழுந்தால் முடிந்தது. கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

அப்போது காகிதத்தைப் பிரித்தேன்.

மதாமின் பிறப்புச் சான்று, பிரெஞ்சு முத்திரையோடு. மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்த ஈற்றுச் சீட்டு. உரக்கப் படித்தேன், தேதியோடு. "அப்பன் நம்ம காளை. ஆத்தா பிரான்சுக்காரி. மூக்கு வெள்ளைவெளேர்னு இருப்பா, வேணும்னா வந்து பாருங்க. இதுதான் ரெமிஜோ கண்ணுக்கு அசல். இந்தக் கண்ண வச்சுத்தான் எங்க அண்ணன் மாட்டுல குத்தம் கண்டுபுடிச்சாரு."

ஒரு நொடி. அப்புறம் சிரிப்பு. சதுக்கமே சிரித்தது. சூப்புக்காரி கரண்டியோடு சிரித்தாள். ரெமிஜோவின் முகம் சாம்பலாயிற்று. அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன். இரண்டு வருடம் எதற்காகக் காத்திருந்தேனோ அதைப் பார்த்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நான் வண்டியேறிப் போயிருக்க வேண்டும்.

அவன் தொப்பியைக் கழற்றி, பனியை உதறி, மறுபடி போட்டுக்கொண்டான். கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நான் என்ன சொன்னேன்? செல்சோ கொட்டில்ல பிரான்சு ரத்தம் இருக்குன்னேன். அன்னிக்கு அவரு என்னைப் பொய்க்காரன்னாரு. இன்னிக்கு அவரு தங்கச்சியே காகிதத்தோட வந்து சொல்லுது."

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் அண்ணன் பக்கம் திரும்பியது.

"அது அப்ப இல்ல" என்றேன். "இந்தப் பசுவ நான் போன வருஷம்தான் வாங்கினேன். தேதியப் பாருங்க. தேதி—"

தேதியை யார் பார்ப்பார்கள்? இந்த ஊரில் பிறந்து ஐம்பத்து நாலு வருடம் ஆகிறது எனக்கு. கொட்டில் என்றால் இங்கே ஒரே ரத்தம். ஒரு மாட்டைச் சொன்னால் கொட்டிலைச் சொன்ன மாதிரி. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். பழி கண்ணை மறைத்துவிட்டது. அவன் இட்டுக்கட்டிச் சொன்ன பொய்யை நானே காசு கொடுத்து வாங்கி, தீனி போட்டு வளர்த்து, எண்ணெய் பூசி, சதுக்கத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி உண்மையாக்கிவிட்டேன்.

கானேபாவாவது சத்தம் போடுவார் என்று திரும்பினேன். அவர் மொன்சூவின் இடுப்பை முழம் போட்டுக்கொண்டிருந்தார். "ஃபசோன்னா தொடைதானே அக்கா. அந்தச் சொல்லுக்கே வடிவம்னுதான் அர்த்தம். தொடை இருக்கு, இடுப்பும் இருக்கு. கத்திரி விழுந்தாச்சு, மாடு என்னோடது. இதோட அம்மா இன்னும் இருக்கா?"

அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனார். ஆறு கிலோமீட்டர். பின்னாலேயே மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். ஏறவில்லை. வாசலில் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்:

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நோரி."

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 20

பினூச்சா சொன்னாள், ஊரில் இரண்டு கட்சியாம். ஒரு கட்சி ரெமிஜோவின் கண் போய்விட்டது என்கிறதாம். இன்னொரு கட்சி, அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கத்திரி போட்டான் என்கிறதாம்.

மதாம் கத்தினபோது மேட்டைப் பார்த்துச் சிரித்தானே. தெரிந்துதான் போட்டானா? அப்படியென்றால் நான் குழி வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 25

வேகவைத்த கறி, பச்சைச் சாந்து. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.

ஜனவரி 14, 1988

கானேபாவிடமிருந்து கடிதம். மொன்சூவின் கறி நாலே நாளில் தீர்ந்ததாம். சவோனாவில் வாடிக்கைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்களாம், "அந்தத் துரையோட கறி" என்று. வெளுப்பு, ஜவ்வு இல்லை, துண்டு பெரிது. மாதம் ஒன்று வீதம் வருடத்துக்குப் பன்னிரண்டு இதே மாதிரி வேண்டும் என்கிறார். சுத்த மாடு வேண்டாமாம், இடுப்பு சிறுத்துப்போகிறதாம்.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள், இரண்டு வருடமாக எங்கள் மேட்டை எட்டிப் பார்க்காதவர்கள், ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். பிரான்சுப் பசு எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான். பழி வாங்கப் போய் விளம்பரம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். கடிதத்தை மேஜையிலேயே போட்டுவிட்டுப் பால் கறக்கப் போனேன். அண்ணன் படித்திருக்கிறார், மடிப்பு மாறியிருந்தது.

ஜனவரி 19

அண்ணன் மேல் கொட்டிலுக்குப் போயிருந்தார். தீவனம் எடுக்கப் போனவள் பலகை இடுக்கில் பார்த்தேன். தையல் நாடாவை வைத்து மதாமின் இடுப்பை அளந்துகொண்டிருந்தார். மூக்கைத் தடவிக் கொடுத்தார். கண்ணில் படாமல் கட்டச் சொன்னவர்.

இரவுச் சாப்பாட்டில் தானாகப் பேசினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "இடுப்பு நல்ல அகலம். எலும்பும் மெலிசு. நம்ம காளையோட ரெண்டாவது ஈத்துப் பாக்கணும்."

"முப்பது வருஷம் காப்பாத்தின ரத்தம்ணே."

"அதான் கெட்டுப்போச்சுன்னு ஊரே சொல்லியாச்சே" என்றார். "இனிமே எதுக்குப் பயப்படணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 11. வியாழன்

ரெமிஜோ வந்தான். எங்கள் முற்றத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் சாணி வாரும் முள்கரண்டியோடு கொட்டில் வாசலில் நின்றிருந்தேன்.

"நோரினா, பழசெல்லாம் விடு. கானேபா என்கிட்டயும் சொல்லியிருக்காரு. பன்னெண்டு கன்னு வேணும்னா குறைஞ்சது பதினஞ்சு பசு வேணும். பிரான்சுல ஆள் எனக்குத் தெரியும். மாடு பாக்குற கண்ணு உங்க அண்ணனோடது, விலை பேசுற வாய் என்னோடது."

"எங்க கொட்டிலு பக்கம் வந்தே, இந்த முள்ளு உன் வயித்துல இருக்கும்."

"குத்திட்டுப் பேசு. நான் எங்க ஓடப்போறேன்."

குத்தியிருப்பேன். சத்தியமாக. ஆனால் பின்னால் கதவு திறந்தது. அண்ணன் வந்தார், வீட்டுச் செருப்போடு, சேற்றில். என்னைத் தாண்டிப் போனார். ரெமிஜோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு கணம் அவன் முகத்தில் பயம் இருந்தது, எழுதி வைக்கிறேன், எனக்கு அதாவது மிஞ்சட்டும்.

அண்ணன் கேட்டார்: "பரோன் மூக்குல இருந்தது என்னது?"

ரெமிஜோ தரையைப் பார்த்தான். "கயித்துத் தழும்பு."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

இதை நான் எங்கள் முற்றத்தில் கேட்க ஆசைப்படவில்லை. சதுக்கத்தில் கேட்க ஆசைப்பட்டேன். இங்கே என்னையும் கோழிகளையும் தவிர யாரும் இல்லை.

அண்ணன் தலையாட்டினார். அப்புறம் கையை நீட்டினார். வெட்டுவதற்குத் தரகன் இல்லை, அவனேதான் தரகன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், மேலே கை வைத்து வெட்ட ஒரு மூன்றாவது ஆள் வேண்டுமே. நான் முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் தன் இடக்கையாலேயே வெட்டி முடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 12

அவனை மன்னிக்க அண்ணனுக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கடமை இல்லை.

மார்ச் 3. வியாழன்

அண்ணன் சந்தைக்குப் போனார். தனியாக. நாலு மணி நேரம் கழித்து, காப்பிக்கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று சமையலறையில் சொல்லிச் சிரித்தார். ரெமிஜோ மாதிரிப் பேசிக்கூடக் காட்டினார். இரண்டு வருடம் இதற்காகத்தானே ஏங்கினேன். சிரித்து வைத்தேன்.

மார்ச் 24. வியாழன்

பசு வாங்கப் பிரான்சுக்குப் போகிறார்கள், ரெமிஜோவின் லாரியில். மூன்று நாள் ஆகும். விடிந்ததும் ஹாரன் சத்தம் கேட்டது. அண்ணன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, வழிக்குச் சாப்பாடு இரண்டு பேருக்குக் கட்டச் சொன்னார்.

வெங்காய ஆம்லெட் போட்டு, ரொட்டிக்குள் வைத்து, இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஒன்றில் உப்புப் போடவில்லை. அண்ணன் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினார். எது யார் கைக்குப் போகும் என்று தெரியவில்லை.